இன்டெல்லின் மேசைக் கணினிச் செயலித் திட்டங்கள்

இன்டெல், அமெரிக்காவின் கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட சில்லு உற்பத்தி நிறுவனம். உலகின் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாக இந்நிறுவனத்தின் செயலிகளில் இயங்கி வருகின்றன. தன் அடுத்த தலைமுறைச் செயலி எப்போது வரும், எவ்வளவு வேகமாக இயங்கும், எந்த மதர்போர்டில் பொருந்தும் என்பதை இன்டெல் முன்கூட்டியே அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்புகளில் பல சொன்னபடி நிறைவேறின. சில தள்ளிப்போயின. சில முற்றாகக் கைவிடப்பட்டன. 2000-ஆம் ஆண்டு முதல் ஏற்பட்ட முதன்மையான மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. இம்மாற்றங்கள் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கணினி வாங்குவோரை எவ்வாறு தொடுகின்றன என்பதும், தமிழ்நாட்டில் உருவான ‘சக்தி’ செயலி முயற்சியும் இறுதிப் பகுதிகளில் கூறப்படுகின்றன.

திட்ட வரைபடம்

ஒரு செயலியை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவர ஏறத்தாழ நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும். கட்டமைப்பை வகுப்பது, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை அமைப்பது, மாதிரிச் சில்லைச் செய்து சோதிப்பது, பிழை திருத்துவது, ஆலையில் பெருமளவில் உற்பத்தி செய்வது எனப் பல படிகள் உள்ளன. அதே காலத்தில் மதர்போர்டு, நினைவகம், மின்வழங்கி செய்யும் நிறுவனங்களும் புதிய செயலிக்கு ஏற்பத் தங்கள் பொருள்களை ஆயத்தம் செய்ய வேண்டும். ஆகவே சில்லு நிறுவனம் வரும் ஆண்டுகளின் திட்டத்தை ‘ரோட்மேப்’ எனப்படும் திட்ட வரைபடமாக அவர்களுக்கு அளிக்கிறது. செயலிக்கு விற்பனைப் பெயர் வைக்கும் முன் ஒரு குறிப்புப் பெயரால் அழைப்பார்கள். வில்லமெட், பிரெஸ்காட், ஸ்கைலேக் என்பன அத்தகைய பெயர்கள்.

இத்தகைய திட்டமிடலுக்கு அடிப்படையாக இருந்தது மூர் விதி. பின்னாளில் இன்டெல்லை நிறுவியவர்களுள் ஒருவரான கார்டன் மூர், ஒரு சில்லில் அமையும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று 1965-இல் எழுதினார். 1975-இல் அக்காலத்தை இரண்டு ஆண்டுகள் எனத் திருத்தினார். இது இயற்பியல் விதி ஆகாது. ஒரு தொழிலின் போக்கைக் கண்டு சொன்ன கணிப்பே. ஆயினும் பல பத்தாண்டுகள் அக்கணிப்பு பொய்க்காததால், சில்லுத் துறை அதையே தன் கால அட்டவணையாகக் கொண்டது. 1971-இல் வந்த இன்டெல் 4004 சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1993 மார்ச்சில் வந்த பென்டியத்தில் 31 லட்சம் இருந்தன. அதே 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் வயதும் பென்டியத்தின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. பென்டியம் உருவாக்கத்தில் முன்னணிப் பங்காற்றியவர் புனேயில் பிறந்த வினோத் தாம்.

கிகாஹெர்ட்ஸ் போட்டி

1990-களின் இறுதியில் செயலியின் தரத்தை மக்கள் அதன் கடிகார வேகத்தைக் கொண்டே அளந்தனர். 2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள அத்லான் செயலியை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து மார்ச் 8 அன்று இன்டெல் அதே வேகத்தில் பென்டியம் 3 செயலியை அறிவித்தது. போட்டியின் அவசரம் அவ்வாண்டே வெளிப்பட்டது. 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சில பணிகளில் நிலைதவறியதால், இன்டெல் அதை 2000 ஆகஸ்டில் திரும்பப் பெற்றது.

அதே காலத்தில் நினைவகத் திட்டமும் தடுமாறியது. ராம்பஸ் வகை நினைவகமே வருங்காலம் என இன்டெல் முடிவு செய்திருந்தது. அந்நினைவகம் விலை மிகுந்ததாக இருந்தது. பழைய மலிவான நினைவகத்தைப் புதிய மதர்போர்டில் பயன்படுத்த உதவும் இடைச்சில்லு ஒன்றை இன்டெல் வெளியிட்டது. அதில் பிழை காணப்பட்டதால் 2000 மே மாதத்தில் அச்சில்லுள்ள மதர்போர்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. இந்தச் சிக்கல் ‘டிம்னா’ என்னும் செயலியையும் பாதித்தது. செயலி, வரைகலை, நினைவகக் கட்டுப்பாடு மூன்றையும் ஒரே சில்லில் அடக்கி, எளியோர் வாங்கத்தக்க கணினிகளுக்காக அது வடிவமைக்கப்பட்டது. மலிவுக் கணினிக்கான செயலி விலையுயர்ந்த நினைவகத்தை நம்பியிருந்தது. 2000-ஆம் ஆண்டிலேயே டிம்னா கைவிடப்பட்டது. மூன்றையும் ஒரே சில்லில் அடக்கும் அதன் கருத்தோ சரியானது. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் அக்கருத்து முழு வடிவம் பெற்றது.

தேஜஸ் கைவிடப்பட்ட வரலாறு

2000 நவம்பர் 20 அன்று பென்டியம் 4 வெளிவந்தது. 4.2 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்ட இச்செயலி 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் கிடைத்தது. அதன் கட்டமைப்புக்கு ‘நெட்பர்ஸ்ட்’ என்று பெயர். இக்கட்டமைப்பு வருங்காலத்தில் 10 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் என்று அப்போது பேசப்பட்டது.

வேகத்தைக் கூட்ட இன்டெல் கையாண்ட வழி, ‘பைப்லைன்’ எனப்படும் வேலைத்தொடரை நீட்டுவது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். வீடு கட்டும் இடத்தில் செங்கல்லைக் கைமாற்றிக் கொடுக்க ஆள்கள் வரிசையாக நிற்கிறார்கள். வரிசையில் ஆள்கள் அதிகமானால் ஒவ்வொருவரும் நகர வேண்டிய தூரம் குறையும். கை வேகமாக மாறும். ஆனால் மேலே இருக்கும் கொத்தனார் ‘இந்தக் கல் வேண்டாம், வேறு கல் அனுப்பு’ என்றால், வரிசையில் வந்துகொண்டிருக்கும் கற்கள் எல்லாம் வீண். வரிசை எவ்வளவு நீளமோ, இழப்பும் அவ்வளவு. செயலியும் அடுத்து வரப்போகும் கட்டளையை ஊகித்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. ஊகம் தவறினால் தொடரில் உள்ள வேலையைத் தள்ளிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

தொடக்கப் பென்டியம் 4-இல் இத்தொடர் 20 படிகளைக் கொண்டிருந்தது. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட்டில் அது 31 படிகளாயிற்று. பிரெஸ்காட் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது, 12.5 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்டது. அதுவரை டிரான்சிஸ்டர் சிறிதானால் மின்செலவும் குறையும் என்பது துறையின் அனுபவம். 90 நானோமீட்டரில் அந்த அனுபவம் பொய்த்தது. டிரான்சிஸ்டரின் காப்புப் படலம் சில அணுக்கள் அளவுக்கு மெலிந்ததால், அணைத்து வைத்த நிலையிலும் மின்சாரம் கசிந்தது. கசிந்த மின்சாரம் வெப்பமாயிற்று. பிரெஸ்காட் வகைகளில் சிலவற்றின் வெப்ப அளவு 115 வாட்டை எட்டியது. ஒரு 100 வாட் குண்டு பல்பை விடக் கூடுதலான வெப்பம், கட்டைவிரல் நகம் அளவுள்ள சில்லிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது.

பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்த செயலியின் குறிப்புப் பெயர் ‘தேஜஸ்’. இதற்கும் இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்துக்கும் தொடர்பு இல்லை. தேஜஸ் செயலியும் அதே பாதையில் இன்னும் கூடுதல் வேகத்தை நோக்கி வடிவமைக்கப்பட்டது. பாதையே வெப்பத்தால் அடைபட்டுவிட்டதால் 2004 மே மாதத்தில் இன்டெல் தேஜஸையும், அதன் சர்வர் வடிவமான ‘ஜேஹாக்’கையும் கைவிடுவதாக அறிவித்தது. ஒரே கோரின் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒரு சில்லில் இரண்டு கோர்களை வைப்பதே இனி வழி என்றும் கூறியது. அவ்வாண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-உம் கைவிடப்பட்டது. அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட், அமெரிக்காவில் நடந்த ஒரு தொழில்துறைக் கருத்தரங்கின் மேடையில் மண்டியிட்டு அதற்காக மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகச் செய்ததுதான் என்றாலும், ஒரு பெருநிறுவனம் தன் வாக்கைத் திரும்பப் பெற்ற தருணமாக அது நினைவில் நின்றது. பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸுடன் நின்றது.

64 பிட் மாற்றம்

இன்டெல்லின் திட்டத்தைப் போட்டி நிறுவனம் மாற்றிய நிகழ்வும் உண்டு. 1994-இல் இன்டெல்லும் எச்பி நிறுவனமும் இணைந்து முற்றிலும் புதிய 64 பிட் கட்டமைப்பை உருவாக்கத் தொடங்கின. ‘இட்டானியம்’ என்ற அச்செயலி 2001-இல் வந்தது. பழைய மென்பொருள்கள் அதில் மெதுவாகவே இயங்கின. ஏஎம்டியோ பழைய கட்டமைப்பையே 64 பிட்டுக்கு நீட்டி, 2003 ஏப்ரலில் ஆப்டெரான், செப்டம்பரில் அத்லான் 64 ஆகியவற்றை வெளியிட்டது. பழைய மென்பொருளும் ஓடும், புதியதும் ஓடும் என்ற நிலையை மக்கள் விரும்பினர். 2004 பிப்ரவரியில் இன்டெல் தன் செயலிகளிலும் அதே வகை நீட்டிப்பைச் சேர்ப்பதாக அறிவித்தது. இன்று மேசைக் கணினிகளில் வழங்கும் 64 பிட் முறை ஏஎம்டி வகுத்த வழியில் வந்ததே.

ஹைஃபாவும் பெங்களூரும்

நெட்பர்ஸ்டுக்கு மாற்று இன்டெல்லின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த அணி, மடிக்கணினிக்காக மின்செலவு குறைந்த பென்டியம் எம் செயலியை 2003 மார்ச்சில் கொண்டுவந்திருந்தது. அதன் வழியில் உருவான கோர் 2 டுவோ, 2006 ஜூலை 27 அன்று மேசைக் கணினிக்கு வந்தது. அதன் கடிகார வேகம் பென்டியம் 4-ஐ விடக் குறைவு. வெப்ப அளவு 65 வாட் மட்டுமே. செய்து முடிக்கும் வேலையோ அதிகம். கடிகார வேகத்தைக் கொண்டு செயலியை மதிப்பிடும் பழக்கம் அத்துடன் தளர்ந்தது.

திட்ட மாற்றம் இந்தியாவையும் தொட்டது. பெங்களூரில் இருந்த இன்டெல் அணி ‘ஒயிட்ஃபீல்டு’ என்ற சர்வர் செயலியை வடிவமைத்து வந்தது. பெங்களூரின் ஒரு பகுதியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 2005-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வணி சோர்ந்துவிடவில்லை. பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட ஆறு கோர் கொண்ட ‘டன்னிங்டன்’ சர்வர் செயலி 2008 செப்டம்பரில் வெளிவந்தது.

டிக்-டாக் காலம்

பென்டியம் 4 கற்பித்த பாடத்தால் இன்டெல் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டது. ஓர் ஆண்டு டிரான்சிஸ்டரைச் சிறிதாக்குவது. மறு ஆண்டு கட்டமைப்பைப் புதுப்பிப்பது. கடிகாரம் அடிப்பதைப் போன்ற இம்முறைக்கு ‘டிக்-டாக்’ என்று பெயர். இரண்டு புதுமைகளையும் ஒரே நேரத்தில் செய்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவியது. 2008-இல் நெஹாலம், 2010-இல் 32 நானோமீட்டர் வெஸ்ட்மியர், 2011-இல் சாண்டி பிரிட்ஜ், 2012-இல் 22 நானோமீட்டர் ஐவி பிரிட்ஜ், 2013-இல் ஹாஸ்வெல் எனச் செயலிகள் பெரும்பாலும் முறையாக வந்தன.

அடுத்து 14 நானோமீட்டர் பிராட்வெல் வர வேண்டும். உற்பத்தியில் பழுதில்லாச் சில்லுகள் போதிய அளவில் கிடைக்காததால் அது தாமதமாயிற்று. இடைவெளியை நிரப்ப 2014-இல் ஹாஸ்வெல்லே சற்று மெருகேற்றி மீண்டும் வெளியிடப்பட்டது. பிராட்வெல் மேசைக் கணினிக்கு 2015 ஜூனில் வந்தபோது, மதர்போர்டில் மாற்றிப் பொருத்தத்தக்க வகைகள் இரண்டு மட்டுமே இருந்தன. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், அடுத்த தலைமுறையான ஸ்கைலேக் வந்துவிட்டது. பிராட்வெல் வாங்கியோர் புதுச் செயலியைக் கையில் வைத்திருந்த காலம் மிகக் குறைவு.

10 நானோமீட்டர் தாமதம்

இன்டெல் வரலாற்றின் மிக நீண்ட தாமதம் 10 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் நேர்ந்தது. 14 நானோமீட்டரை விட ஏறத்தாழ 2.7 மடங்கு நெருக்கமாக டிரான்சிஸ்டர்களை அடுக்குவது என்று இன்டெல் இலக்கு வைத்தது. சில்லின் மீது வடிவத்தைப் பதிக்க ஒளியே எழுதுகோல். அக்காலத்தில் இருந்த ஒளிக்கருவியின் கோடு தேவையை விடத் தடிமனாக இருந்தது. ஆகவே ஒரே அடுக்கைப் பல முறை பதித்து நுண்மையான வடிவத்தைப் பெற வேண்டியிருந்தது. ஒவ்வொரு கூடுதல் பதிப்பும் பிழைக்கு ஒரு வாயில். ஒரு தட்டில் வேலை செய்யும் சில்லுகளின் எண்ணிக்கை குறைந்தது.

2015 ஜூலையில், 10 நானோமீட்டர் செயலி 2017-இன் பிற்பாதிக்குத் தள்ளிப்போவதாக அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பிரையன் கிர்சானிச் அறிவித்தார். இடையில் 14 நானோமீட்டரிலேயே ‘கேபி லேக்’ என்ற மூன்றாவது செயலி வரும் என்றார். டிக்-டாக் முறை 2016-இல் முறைப்படி முடிவுக்கு வந்தது. சிறிதாக்குதல், கட்டமைப்பு, மெருகேற்றல் என்ற மூன்றுபடி முறை அதற்குப் பதிலாக அறிவிக்கப்பட்டது. அம்முறையும் நெடுநாள் நிற்கவில்லை.

10 நானோமீட்டரில் முதலில் வந்த கேனன் லேக், 2018 மே மாதத்தில் ஒரேயொரு மடிக்கணினிச் செயலியாக, அதுவும் வரைகலைப் பகுதி முடக்கப்பட்ட நிலையில் வந்தது. மேசைக் கணினிக்கு அது வரவே இல்லை. 2017 அக்டோபரில் காபி லேக், 2018 அக்டோபரில் அதன் மறுவடிவம், 2020 மே மாதத்தில் காமெட் லேக் என மேசைக் கணினிச் செயலிகள் 14 நானோமீட்டரிலேயே தொடர்ந்தன. 2021 மார்ச்சில் வந்த ராக்கெட் லேக் இன்னும் வியப்பானது. 10 நானோமீட்டருக்காக வரையப்பட்ட கட்டமைப்பை 14 நானோமீட்டருக்குப் பின்னிழுத்து அது செய்யப்பட்டது. சிறிய வீட்டுக்கு வரைந்த அலமாரியைப் பெரிய பலகையில் செய்ததைப் போல அதன் கோர்கள் பருத்தன. முந்தைய காமெட் லேக்கில் 10 கோர் இருக்க, ராக்கெட் லேக்கில் 8 கோருக்கே இடம் இருந்தது.

இந்த இடைவெளியில் ஏஎம்டி முன்னேறியது. 2017 மார்ச்சில் 8 கோர் கொண்ட ரைசன் செயலியை வெளியிட்டது. 2019 ஜூலையில் வந்த மூன்றாம் வரிசை ரைசன், தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 7 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள இன்டெல்லின் ஆலையை, பிறருக்குச் சில்லு செய்து தரும் ஆலை ஒன்று முந்திய காலம் அது.

2021-க்குப் பின்

2021 பிப்ரவரியில் பேட் கெல்சிங்கர் இன்டெல்லின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நான்கு ஆண்டுகளில் ஐந்து உற்பத்தி நிலைகளைக் கடப்பது என்ற திட்டத்தை அறிவித்தார். 10 நானோமீட்டரின் மேம்பட்ட வடிவம் ‘இன்டெல் 7’ எனப் பெயர் மாறியது. அம்முறையில் செய்யப்பட்ட ஆல்டர் லேக், 2021 நவம்பரில் மேசைக் கணினிக்கு வந்தது. வேகமான பெரிய கோர்களும் மின்செலவு குறைந்த சிறிய கோர்களும் அதில் கலந்திருந்தன. 2022 அக்டோபரில் ராப்டர் லேக் வந்தது.

அடுத்து வர வேண்டிய மீட்டியர் லேக் 2023 டிசம்பரில் மடிக்கணினிக்கு மட்டுமே வந்தது. மேசைக் கணினிக்கு ராப்டர் லேக்கின் மெருகேற்றிய வடிவமே 2023 அக்டோபரில் 14-ஆம் தலைமுறை என்ற பெயரில் வந்தது. 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளில் சில, தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைவது 2024-இல் உறுதியாயிற்று. இன்டெல் திருத்தக் குறியீட்டை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

ஆரோ லேக் என்ற மேசைக் கணினிச் செயலி ‘20ஏ’ என்ற புதிய முறையில் இன்டெல் ஆலையிலேயே செய்யப்படும் எனத் திட்டமிடப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் அது கைவிடப்பட்டது. அடுத்த நிலையான ‘18ஏ’ முறைக்கு வளங்களைத் திருப்புவதாக இன்டெல் கூறியது. அக்டோபரில் ஆரோ லேக் வெளிவந்தபோது அதன் முதன்மைப் பகுதி டிஎஸ்எம்சியில் செய்யப்பட்டிருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் கெல்சிங்கர் விலகினார். 2025 மார்ச்சில் லிப்-பூ டான் பொறுப்பேற்றார். அடுத்த மேசைக் கணினிச் செயலியான நோவா லேக் 2026-க்கு என்று அறிவிக்கப்பட்டது.

விழுப்புரம், திண்டிவனம்: வாங்குவோர் நிலை

விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திண்டிவனம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிச் சாலை பிரியும் ஊர். இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் உள்ளன. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவர் பலர். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமே பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அதற்கு மேல் திறன் வேண்டுவோர், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மேசைக் கணினியை நாடுகின்றனர். அதற்கான பாகங்களின் பெருஞ்சந்தை சென்னையின் ரிச்சி தெரு.

பெருநகரத்தில் வசதியுள்ளவர் ஆண்டுதோறும் கணினியை மாற்றலாம். இங்குள்ள குடும்பம் ஒருமுறை வாங்கினால் ஏழெட்டு ஆண்டு ஓட்ட எண்ணுகிறது. இன்றைக்குக் குறைந்த விலைச் செயலி, பணம் சேர்ந்தபின் அதே மதர்போர்டில் உயர்ந்த செயலி என்பதே அவர்களது கணக்கு. அந்தக் கணக்கைத் திட்ட மாற்றம் குலைக்கிறது.

எடுத்துக்காட்டாக, 2017 கோடை விடுமுறையில் கேபி லேக் செயலியும் அதற்குரிய மதர்போர்டும் வாங்கிய ஒரு மாணவரைக் கொள்வோம். அப்போது ஐ5 வகையில் 4 கோர். ஐ3 வகையில் 2 கோர். ஏஎம்டியின் போட்டிக்குப் பின் அக்டோபரில் வந்த காபி லேக்கில் ஐ3-க்கே 4 கோர், ஐ5-க்கு 6 கோர். சில மாதம் பொறுத்திருந்தால் ஐ3 விலையில் ஐ5-இன் கோர்கள் கிடைத்திருக்கும். சாக்கெட்டின் பின் எண்ணிக்கையும் அதே 1151 தான். ஆயினும் பழைய மதர்போர்டில் காபி லேக்கை இன்டெல் ஏற்கவில்லை. மேம்படுத்த விரும்பினால் மதர்போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஏஎம்டி தன் ‘ஏஎம்4’ சாக்கெட்டைப் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. அங்கும் தடுமாற்றம் இல்லாமலில்லை. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் ரைசன் செயலிகள் சில பழைய மதர்போர்டுகளில் இயங்கா என்று முதலில் அறிவித்தது. பயனாளர்களின் எதிர்ப்புக்குப் பின் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. வாங்குவோரின் குரலும் திட்ட வரைபடத்தை மாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று.

சக்தி செயலி

இன்னொருவர் திட்டத்தை நம்பியிருக்கும் நிலை ஒரு நாட்டுக்கும் உண்டு. இந்தியாவின் கணினிகள், தொலைத்தொடர்புக் கருவிகள், பாதுகாப்புக் கருவிகள் பலவற்றின் செயலிகள் வெளிநாட்டு வடிவமைப்புகள். இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் ஒன்று சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு 2014-இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்த ‘ரிஸ்க்-5’ என்ற திறந்த கட்டளைத் தொகுதியே அதன் அடிப்படை. அதைப் பயன்படுத்த எவருக்கும் உரிமத்தொகை செலுத்த வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் நினைத்தால் அதைக் கைவிடவும் முடியாது.

2018-இல் சக்தியின் முதல் சில்லு ‘ரைஸ்கிரீக்’ உருவானது. அது அச்சிடப்பட்டது அமெரிக்காவின் ஓரிகானில் உள்ள இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் முறையில். தமிழ்நாட்டில் வரைந்த செயலிக்கும் உடல் கொடுக்க இன்டெல்லின் ஆலை வேண்டியிருந்தது. அதே ஆண்டில் ‘ரிமோ’ என்ற சில்லு, மொகாலியில் உள்ள அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. வடிவமைப்பு, உற்பத்தி இரண்டும் இந்தியாவிலேயே நடந்தன. 180 நானோமீட்டர் என்பது 2000-இல் வந்த முதல் பென்டியம் 4 செய்யப்பட்ட அளவு. 2020-இல் ‘மௌஷிக்’ என்ற சில்லு வந்தது. இவை சிறு கருவிகளுக்கு ஏற்றவை. மேசைக் கணினியில் இன்டெல்லுக்கு மாற்றாகும் நிலையை எட்டவில்லை. ஆனால் ஒரு செயலியை முதல் கோட்டிலிருந்து வரையத் தெரிந்த மாணவர் தலைமுறையை இத்திட்டம் உருவாக்கியது. ரிஸ்க்-5 கட்டளைத் தொகுதி திறந்தது என்பதால், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மின்னணுவியல் படிக்கும் மாணவரும் அதைப் பதிவிறக்கிக் கற்கலாம்.

திட்டமும் முடிவும்: சுருக்கம்

• டிம்னா: மலிவுக் கணினிக்கான ஒருங்கிணைந்த சில்லு. நினைவகச் சிக்கலால் 2000-இல் கைவிடப்பட்டது.
• தேஜஸ்: பென்டியம் 4-இன் வாரிசு. வெப்பத்தால் 2004-இல் கைவிடப்பட்டது.
• 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4: 2004 அக்டோபரில் கைவிடப்பட்டது.
• ஒயிட்ஃபீல்டு: பெங்களூர் அணியின் சர்வர் செயலி. 2005-இல் கைவிடப்பட்டது.
• பிராட்வெல்: தாமதமாகி, 2015-இல் மேசைக் கணினிக்கு இரண்டு வகையாகச் சுருங்கியது.
• கேனன் லேக்: மேசைக் கணினிக்கு வரவில்லை.
• ராக்கெட் லேக்: 14 நானோமீட்டருக்குப் பின்னிழுக்கப்பட்டு 2021-இல் வந்தது.
• மீட்டியர் லேக்: மடிக்கணினிக்கு மட்டும் 2023-இல் வந்தது.
• ஆரோ லேக்: 20ஏ முறை கைவிடப்பட்டு, 2024-இல் டிஎஸ்எம்சி சில்லுடன் வந்தது.

மதிப்பீடு

இம்மாற்றங்களுக்குப் பொதுவான காரணங்கள் மூன்று. முதலாவது, வெப்பம், மின்கசிவு, ஒளிப்பதிப்பின் நுண்மை ஆகிய இயற்பியல் எல்லைகள். இரண்டாவது, ஏஎம்டி, டிஎஸ்எம்சி போன்ற நிறுவனங்களின் போட்டி. மூன்றாவது, ஒரே அடியில் பல புதுமைகளைச் சாதிக்க எண்ணும் அளவு கடந்த இலக்கு. தேஜஸைக் கைவிட்டது சரியான முடிவு என்பதைக் கோர் 2 டுவோ மெய்ப்பித்தது. 10 நானோமீட்டரில் நேர்ந்ததோ, தவறான இலக்கைக் காலத்தே திருத்தாததன் விளைவு. திட்டத்தை மாற்றுவது எப்போதும் தோல்வி ஆகாது. எப்போது மாற்றினார்கள் என்பதே முடிவை வகுத்தது.

சில்லு நிறுவனத்தின் திட்ட வரைபடம், முதலீட்டாளருக்கும் உதிரிப்பாக நிறுவனங்களுக்கும் எழுதப்படுவது. கணினி வாங்கும் மாணவருக்கு அது உறுதிமொழி ஆகாது. கடையில் இன்று உள்ள செயலி, அது பொருந்தும் மதர்போர்டு, வெளிவந்து சில மாதமான பின் தெரியவரும் நிறைகுறைகள் ஆகியவையே நம்பத்தக்க அளவுகோல்கள். வரப்போகும் செயலிக்காகக் காத்திருப்பதா என்று எண்ணுவோர், வருவதாகச் சொல்லப்பட்டு வராமலே போன செயலிகளின் மேற்கண்ட பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.